ஆவுடை வீட்டில் விழுந்த பாத்திரங்கள்

ஒரு எவர்சில்வர் மூடி தரையில் விழுந்து, உடனே அடங்காமல், தன் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி, முதலில் சோம்பலாகவும் பிறகு அவசரமாகவும் கடைசியில் யாரோ மூச்சு வாங்குவதைப் போலவும் சத்தம் எழுப்பிச் சட்டென்று அடங்குமே, அந்த ஓசையைப் பாளையங்கோட்டை செவ்வந்தி நகரில் குடியிருந்த காலத்தில் நான் ஓயாமல் கேட்டேன். அந்த ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஒரு மூடி விழுந்தால் என் வாய் தானாக முணுமுணுக்கிறது: "ஆவுடை யாருக்கோ சரி சொல்லிட்டா."

எங்கள் வீட்டுக்கும் ஆவுடைநாயகி வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். அவள் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். அவள் கணவன் மகராசன் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தார், நல்ல மனிதர், யார் எதைக் கேட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல், "அதுக்கென்ன, அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்புவார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆவுடைக்கு முடியாது என்ற சொல் தெரியாமலில்லை. அடுத்தவர்கள் சொல்லும்போது கேட்டிருக்கிறாள். ஆனால் வெளிநாட்டுச் சேலையை ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவளைப் போல, அது நமக்கு உள்ளதில்லை என்று விட்டுவிடுவாள்.

முதல் பாத்திரம் விழுந்தது ஒரு சனிக்கிழமை காலையில். எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்து, "ஏ ஆவுடை, மார்க்கை மட்டும் கூட்டித் தாயேன், எனக்குக் கண்ணு பொங்குது" என்றாள்.

"சரி டீச்சர்," என்றாள் ஆவுடை.

அடுக்களை வாசலில், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றுமே இல்லாத காற்றிலிருந்து ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"என்னது, பூனையா?"

"பூனை இல்ல டீச்சர், டம்ளரு."

எஸ்தர் எடுத்துப் பார்த்தாள். பாத்திரக் கடையில் வெட்டிக் கொடுப்பதுபோல் புள்ளிப் புள்ளியாக எஸ்தர் என்று அதில் வெட்டியிருந்தது. "எம் பேருதான். ஆனா என் டம்ளரு இல்ல. என் வீட்டு டம்ளர்லயெல்லாம் என் மாமியா பேருல்லா இருக்கும்" என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துவிட்டு, காப்பி ஆறுகிறது என்று போய்விட்டாள்.

பிறகு விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒத்துக்கொண்டால் ஒரு கிண்ணம், யாருடைய பிள்ளையையாவது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஒத்துக்கொண்டால் ஒரு செம்பு, நிச்சயதார்த்தத்துக்குப் பூ வாங்க ஒத்துக்கொண்டால் ஒரு தாம்பாளம், ஆபீசில் லீவு போட்டவர்களின் வேலையைச் சேர்த்துப் பார்க்க ஒத்துக்கொண்டால் அடுக்கடுக்காக டிபன் கேரியர். ஆபீசில் சரி சொன்னாலும் பாத்திரம் வீட்டில்தான் விழும். மகராசன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, விழுந்ததன் கனத்தை வைத்து, "மேனேஜரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்குவார். பம்பாயிலிருந்து போனில் யாராவது ஒரு காரியம் சொன்னால், ரிசீவரை வைக்கும் முன்பே கதவுக்குப் பின்னால் ஒரு சம்படம் கிடக்கும். ஒவ்வொன்றிலும் கேட்டவர் பெயர். காதருகே வைத்தால் உள்ளே, சங்கில் கடல் இரைவதுபோல, கேட்டவர் குரல் இரைந்துகொண்டிருக்கும்: "ஒரு சின்ன உதவி, ஒரு சின்ன உதவி."

செவ்வந்தி நகர் இதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அந்த வருஷம் தண்ணீர்க் கஷ்டம் வேறு. குழாயில் காற்று வருவதே எங்களுக்கு ஆச்சரியம். பழைய சாமான் எடுக்கும் காயலான்காரர் வந்து ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பியதும் வண்டி காலியாகிவிட்டது. பாத்திரமெல்லாம் பழைய இடத்தில் இருந்தது. அவர் திரும்பி வந்து, "இது பேரு போட்ட பாத்திரம்மா, பேருக்கு உள்ள ஆளுதான் எடுக்கணும் போல" என்று, தினமும் இப்படி நடக்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஆட்களுக்கு இருந்த கவலை வேறு. யாருக்கு என்ன அளவு என்பதுதான் அது. கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். என் பெயரில் ஒரு தூக்குவாளி இருந்தது, நடுத்தர அளவு, நான் வெளியே ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் மகராசனின் அக்கா பிச்சம்மாள் சமாதானபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எனக்கு இம்புட்டுக்காணும் செம்பு. உங்க தெருச் சங்கத் தலைவருக்குக் குண்டான். அப்படித்தானே?"

"மைனி, நானா செய்யுதேன்? அதுவா விழுது."

"அதுவா விழுந்தாலும் உன் மனசுல உள்ளதுதானே விழும்? போட்டும். மாசியில பேத்திக்குக் காதுகுத்து. பந்தி முச்சூடும் நீதான் நின்னு பாக்கணும்."

"சரி மைனி."

வீடே அதிர ஒரு அண்டா விழுந்தது. பிச்சம்மாள் முந்தானையால் அதைத் துடைத்து, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்து, "இப்பம்தான் மனசு ஆறுச்சு" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டாள்.

அன்றைக்குப் பிறகு, சின்ன உதவி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று ஆகிவிட்டது. செம்பு வைத்திருந்தவர்கள் குடத்துக்கு ஆசைப்பட்டார்கள். குடம் வைத்திருந்தவர்கள், வீட்டுக்கு வந்த சம்பந்தியை அழைத்துவந்து காட்டி, "இவ நமக்கு ரொம்ப வேண்டியவ, பாருங்க" என்று இன்னொன்றும் கேட்டுவிட்டுப் போனார்கள். பரண் நிரம்பியது, கட்டிலுக்கு அடி நிரம்பி, பிறகு கட்டிலும் நிரம்பியது, குளிக்கும் அறையில் ஒற்றைக் காலில் நின்று குளிக்கவேண்டி வந்தது. மகராசன் தன் உடம்பின் அளவுக்கு ஒரு நாற்காலியை மீட்டு அதில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். ஆவுடைக்குக் கால் நீட்ட அந்த வீட்டில் ஓர் இடம் மிச்சமிருந்தது. முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு பாய் அகலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுமுறை நாளில், அங்கே படுத்து, ஒரே ஒரு தடவை, நடுவில் யாரும் கூப்பிடாமல், தானாக விழிப்பு வரும்வரை தூங்க வேண்டும். அவள் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பாயை விரித்தாலே வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினார்கள்.

பிறகு அவள் மறக்கத் தொடங்கினாள். தோசை மாவுக்குள் ரேஷன் கார்டைப் போட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம், "கால் கிலோ" என்றாள். தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போனாள். எஸ்தர்தான் கையைப் பிடித்து டாக்டர் இன்னாசிமுத்துவிடம் இழுத்துப் போனாள்.

"ஏம்மா, அடுப்புல வச்ச பாத்திரத்துல தண்ணி வத்திப் போனா என்ன ஆகும்?" என்று கேட்டார் டாக்டர்.

"அடிப்பிடிக்கும் டாக்டர்."

"அதான் உங்களுக்கு. மருந்து வேண்டாம். நல்லா ரெஸ்ட் எடுங்க."

"சரி டாக்டர்."

அவர்கள் வீடு திரும்பும்போது மகராசன் வாசலில் காத்திருந்தார். "ஏளா, டாக்டரு உன்னைய என்ன செய்யச் சொன்னாரு? ஆஸ்பத்திரித் தட்டு ஒண்ணு விழுந்து கெடக்கு." கிட்னி வடிவத்தில், ஊசி வைக்கிற தட்டு. புள்ளிப் புள்ளியாக இன்னாசிமுத்து என்று பெயர். ஆவுடை அதைக் காதில் வைத்தாள். "ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க" என்றது. அவள் அதையும் ஒரு வேலையாகப் பரணில் வைத்தாள்.

எஸ்தரின் தங்கை மகள் பெர்சிஸ் பெங்களூரில் கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவள். கிறிஸ்துமசுக்கு வந்தவள் ஆவுடை வீட்டைப் பார்த்துக் கண் கலங்கி, "ஆன்ட்டி, வாழ்க்கையில அஞ்சு பகுதி இருக்கு. வீடு, வேலை, உறவு, உடம்பு, மனசு. முதல்ல பிரிக்கணும், அப்புறம் குறைக்கணும்" என்றாள். நல்ல பெண். வியர்க்க வியர்க்கப் பாத்திரங்களை ஐந்தாகப் பிரித்தாள். முன்பு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்ததெல்லாம் இப்போது தனித்தனியாக நின்றதால் இரண்டு மடங்கு இடம் பிடித்தது. குறைக்கும் பகுதிக்கு வரும் முன்னால் அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போகும்போது, "ஆன்ட்டி, அடுத்த மாசம் எங்க வகுப்புல வந்து உங்க அனுபவத்தைப் பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

"சரிம்மா," என்றாள் ஆவுடை. வெண்கலத்தில் ஒரு உருளி விழுந்தது. பெர்சிசுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சங்கத் தலைவர் செல்லத்துரை சார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், இது தனி ஆளால் ஆகிற காரியமில்லை என்று முடிவு செய்து, குடியிருப்போர் கூட்டத்தைக் கூட்டி, ஆவுடையின் சுமையைக் குறைப்பதற்காக ஒரு குழுவை அமைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் யார் என்ற கேள்வி வந்தது. நோட்டீஸ் அடிக்க, ஆட்களைக் கூப்பிட, டீ சொல்ல, மேஜை விரிப்பை வண்ணானுக்குப் போட, இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"உங்களுக்காகத்தானே ஆவுடையம்மா," என்றார் செல்லத்துரை சார்.

"சரி சார்," என்றாள் ஆவுடை.

அன்று விழுந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது. போய்ப் பார்த்தால், ஊர்ப் பொங்கலுக்கு வைக்கிற அண்டாவைப் போல நாலு மடங்கு, வாசல் வழியாக வெளியே எடுக்கவே முடியாத அகலத்தில், முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, அந்த ஒரு பாய் அகலத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சுமை குறைப்புக் குழு என்று அழகாக வெட்டியிருந்தது. ஆவுடை சுருட்டிய பாயைக் கையில் பிடித்தபடி அதைச் சுற்றி வந்தாள். பிறகு பாயை அண்டாவுக்குள் போட்டாள்.

"பேருக்கு உள்ளவங்க வந்து தூக்கிட்டுப் போட்டும். வேற வழி இல்ல" என்று எஸ்தர்தான் கடைசியில் சொன்னாள்.

நியாயமான யோசனை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுப் பாத்திரத்தை அந்த வீட்டுக்குத் திருப்பும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது. ஒரு கரண்டிச் சீனியாவது, நாலு கறிவேப்பிலையாவது உள்ளே கிடக்கவேண்டும். வெறும் பாத்திரம் கொடுத்தால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதனால் ஆவுடை ஆபீசுக்கு லீவு போட்டாள். இத்தனை காலத்தில் அவள் தனக்கென்று போட்ட முதல் லீவு. அந்த லீவு முழுவதும் அடுப்படியில் நின்று, பாசிப்பயறு வறுத்து, வெல்லம் காய்ச்சி, முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் போட்டு, உரியவரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். தெருவே திருவிழா மாதிரி பாத்திரமும் கையுமாகப் போனது. ஆவுடை முன்னறையை எட்டிப் பார்த்தாள். அண்டா ஒன்றைத் தவிர வீடு காலியாக இருந்தது.

சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆவுடை அக்கா பாத்திரம் நிறையக் கொடுத்திருக்க, நாம் சும்மா இருப்பதா? ஒருத்தி பாயசம், ஒருத்தி சுண்டல், ஒருத்தி வற்றல். அதே பாத்திரத்தில், அதே கையோடு. வந்தவர்கள் வாசலில் நின்று, "முந்திரிக்கொத்து என்ன பதம்க்கா! தையில எங்க வீட்டு விசேஷத்துக்கும் நீங்கதான் சுட்டுத் தரணும்" என்றார்கள். சரி, சரி, சரி என்றாள் ஆவுடை. அன்று விழுந்த மூடிகளின் சத்தம் ஒன்றோடொன்று கலந்து, ஆலங்கட்டி மழையைப் போல, விளக்கு வைக்கும் நேரம்வரை ஓயவில்லை.

மறுநாள் காலை ஆவுடை தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே உட்கார இடமில்லை. அவள் கையில் அந்த முதல் டம்ளர் இருந்தது. முந்திரிக்கொத்து தீர்ந்திருந்தது, முறுக்கு நொறுங்கல்கூட இல்லை, சீனி டப்பா டிபன் கேரியர்களுக்கு அந்தப் பக்கம் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் டம்ளருக்குள்ளேயே பார்த்தாள். பிறகு எழுந்து தெருவைக் கடந்தாள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தபோது, பால் தளும்பும் டம்ளரைக் கொண்டு போகிறவள் போல அவ்வளவு மெதுவாக நடந்தாள்.

எஸ்தர் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

எஸ்தர் உள்ளே போய், பானையில் டம்ளரை விட்டுத் தண்ணீர் மொண்டு, அங்கேயே நின்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு குறும்பாகப் பார்த்து, "அரைப் பரீட்சைப் பேப்பரு வந்திருக்கு. மார்க்கைக் கூட்டித் தருவியா?" என்று கேட்டாள்.

ஆவுடை வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அந்தச் சொல் அவள் தொண்டையில் எந்தப் பக்கமாக வெளியே வருவதென்று தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது.

"முடியாது டீச்சர்."

இருவரும் தெருவுக்கு அப்பால் காதைத் தீட்டினார்கள். எதுவும் விழவில்லை.

"கோட்டிக்காரி," என்றாள் எஸ்தர், அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் அப்பமே ஒரு நல்ல கண்ணாடி வாங்கியிருப்பேன்லா!"

டம்ளர் எஸ்தர் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆவுடை ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்துத் தட்டி, ஒரு பருக்கைகூட இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வீடுவீடாகப் போனாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தாள். விஷயம் கேள்விப்பட்டு வந்த பிச்சம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அழுதாள்.

"வெறும் அண்டாவையா தாற? நான் என்ன செத்தா போனேன்?"

"உள்ள காதை வச்சுக் கேளுங்க மைனி. பந்தி அதுக்குள்ளதான் இருக்கு."

பிச்சம்மாள் தலையை அண்டாவுக்குள் விட்டுக் கேட்டாள். தன் குரலே, பந்தி முச்சூடும் நீதான் பாக்கணும், பந்தி முச்சூடும் நீதான் பாக்கணும் என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தது. காதுகுத்து முடிகிறவரை அது அடங்கவில்லை; பந்தியைப் பிச்சம்மாளே நின்று பார்த்தாள்; சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல். அந்தச் சில வாரங்கள் எங்கள் தெரு முழுவதும் தேன்கூட்டைப் போல இரைந்தது. என் தூக்குவாளியும்தான், சொன்ன காரியத்தை நானே போய் முடித்த பிறகே வாயை மூடியது.

மகராசன் தனக்கு ஒன்றுமே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு காலியாகக் காலியாகத்தான் தெரிந்தது, மூலைமுடுக்கெல்லாம் ஸ்பூன். சின்னச் சின்ன ஸ்பூன், சாக்கு நிறைய, ஒவ்வொன்றிலும் மகராசன். ஆவுடை சாக்கை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தார். "என் கண்ணாடி எங்க?" என்றது. இன்னொன்று, "என் பனியன் எங்க?" என்றது. இன்னொன்று, "அவ பாத்துக்கிடுவா" என்றது. அதை மட்டும் அவர் வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய்த் தன் பனியனைத் தானே தேடினார். கிடைக்க அரைநாள் ஆயிற்று. கொடியில்தான் கிடந்தது.

மிச்சம் நின்றது முன்னறை அண்டா. அது தனி ஆள் பெயரில் இல்லாததால் தனி ஆளால் அசைக்க முடியவில்லை. குழுவைக் கலைத்தால்தான் அது போகும் என்று எல்லோருக்கும் புரிந்தது. கலைக்கத் தீர்மானம் போடவேண்டும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்த கையோடு, குழு ஆவுடையின் முன்னறையில் அண்டாவைச் சுற்றி நின்று கூடியது. செல்லத்துரை சார் தொண்டையைச் செருமினார்.

"குழு கலைக்கப்படுகிறது. எல்லாருக்கும் சம்மதம்தானே? நல்லது. இத எழுதணும்."

எல்லோரும் வழக்கம்போல் ஆவுடையின் பக்கம் திரும்பினோம். சிலர் தலைக்கு மேலேயும் ஒரு பார்வை பார்த்து, சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆவுடை அண்டாவின் விளிம்பில் கைவைத்து நின்றாள். வெளியே ஐஸ்காரரின் மணி வந்தது, போனது. யாரோ இருமினார்கள். மகராசன் வாயைத் திறந்து, "அதுக்கென்ன, அவ" என்று தொடங்கியதும், அவர் சட்டைப் பைக்குள் ஒரு ஸ்பூன் கிணுகிணுத்தது, வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனம், சுற்றுகிற மூடி அடங்கும் முன்னால் ஒரு கணம் நிற்குமே, அதைப் போல நீண்டுகொண்டே போனது. எனக்கே, நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு அரித்தது. எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"என்னால எழுத முடியாது சார்," என்றாள் ஆவுடை. "நீங்க எல்லாரும் போனீங்கன்னா நான் கொஞ்சம் படுக்கணும்."

செல்லத்துரை சார் சுற்றிலும் பார்த்தார். பேனாவைத் தட்டினார். "சரி," என்றார், வேறு வழியில்லாமல். "நானே எழுதுதேன்."

அண்டா ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் வந்தது. அடுத்த கணம் அந்த இடத்தில் ஒரு பாய் மட்டும் கிடந்தது. அதே நேரத்தில் நாலு வீடு தள்ளியிருந்த செல்லத்துரை சாரின் மனைவி, ஈரக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்று கத்தினாள்: "இங்க வாங்க, நம்ம வீட்டுல என்னமோ மேலேருந்து விழுந்திட்டு! புது டம்ளரு! ஆவுடைன்னு பேரு வெட்டியிருக்கு!"

கூட்டம் அங்கே ஓடியது. என்ன அளவு என்று பார்க்கத்தான்.

ஆவுடை கதவைச் சாத்தினாள். டாக்டரின் தட்டை மட்டும் அவள் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அதைப் பரணிலிருந்து இறக்கித் தலைமாட்டில் வைத்து, பாயை விரித்து, காலை நீட்டினாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு, "ரெஸ்ட் எடுங்க, ரெஸ்ட் எடுங்க" என்ற முணுமுணுப்பு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு குறட்டை கேட்டது. பிறகு தட்டு வாயை மூடிக்கொண்டது.

எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டாள். அவள் எனக்கென்று விட்டுப்போன அந்த டம்ளரில்தான் நான் காப்பி குடிக்கிறேன். செல்லத்துரை சார் பாத்திரங்களோடு போராட முடியாமல் மகனிடம் மதுரைக்குப் போய்விட்டார் என்று கேள்வி. ஆவுடை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யார் கதவைத் தட்டினாலும் அவள் திறப்பதில்லை.